மண்ணில் புதைத்த எண்

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோருக்குச் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கண்ணில் படுமுன்பே அவற்றின் வாடை மூக்கில் படும். அத்தொழிற்சாலைகளை அண்டி வாழும் சிற்றூர்களுள் குடிகாடும் ஒன்று. கோடை விடுமுறையில் அவ்வூரிலுள்ள என் தங்கை மகள் வீட்டில் மூன்று நாள்கள் தங்கியிருந்தேன். அவள் கணவர் ஒப்பந்தத் தொழிலாளர். இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து உறங்குவார். அவர் உறக்கம் கலையக்கூடாதென்று வீட்டில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அந்தத் தாழ்ந்த குரலில்தான் ஒரு பெரிய கேள்வி என் செவியில் விழுந்தது.

அவர்களுடைய மகன் எட்டாம் வகுப்பு முடித்தவன். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தந்தையின் கைப்பேசியில் சதுரங்கம் கற்றுக்கொண்டான். முகம் தெரியாத யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ அமர்ந்து, இவனோடு காய் நகர்த்துவார். "மாமா, சோறு தண்ணீர் மறந்து அதிலேயே கிடந்தவன், இரண்டு மாதமாக அதைத் தொடுவதே இல்லை. ஏனென்று கேட்டால் வாய் திறப்பதில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள்" என்றாள் அவன் தாய்.

திண்ணையில் பழைய சதுரங்கப் பலகை ஒன்றை விரித்து அவனை அழைத்தேன். ஆர்வமாக வந்து அமர்ந்தான். அரை மணி நேரத்திற்குள் என் மன்னரைச் சிறைப்படுத்தியும் விட்டான். ஆட்டத்தில் சலிப்பில்லை என்பது தெரிந்தது. பின்னர் ஏன் நிறுத்தினான்? மெல்லக் கேட்டபோது கைப்பேசியை எடுத்து ஓர் எண்ணைக் காட்டினான்: 1803. "ஆயிரத்து எண்ணூறைத் தாண்டிவிட்டேன் தாத்தா. இனி ஆடினால் இறங்கிவிடும்" என்றான்.

பதின்மூன்று வயதுச் சிறுவனின் அச்சம் என்று சிரித்துவிட்டு எழுந்திருக்கலாம். என்னால் இயலவில்லை. ஆட்டத்தை அளக்க வந்த எண், ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அளவுகோலைக் காப்பதற்காக அளக்கப்படும் பொருளையே துறப்பது என்ன நியாயம்? இது சதுரங்கத்தோடு முடிந்துபோகும் கேள்விதானா?

அளவுகோலைச் செய்தவர்

பிள்ளைகள் 'ரேட்டிங்' என்று வழங்கும் இந்தத் தரப்புள்ளி முறைக்கு வித்திட்டவர் அர்பாத் எலோ என்பவர். 1903-இல் அங்கேரியில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். மில்வாக்கி நகரில் இயேசு சபையார் நடத்தும் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராய்ப் பணியாற்றியவர். விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றுக்கொண்டன. தொடக்க ஆண்டுகளில் உலக வீரர்களின் கணக்கையெல்லாம் அவரே கைக் கணிப்பானின் துணைகொண்டு போட்டு வந்தார். 1992-இல் மறைந்தார்.

அவருடைய முறையின் கருத்து மிக எளியது. ஒருவருடைய திறமையை எவராலும் நேரே காண முடியாது. அதன் விளைவை மட்டுமே காண முடியும். ஆகவே இருவர் மோதும் முன்னரே, அவர்களுடைய எண்களைக் கொண்டு, இவரிடமிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முறை கணித்துவிடுகிறது. எண்கள் சமமாயின் இருவரிடமும் சரிபாதி எதிர்பார்க்கப்படும். 200 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் நூற்றுக்கு 76 பங்கு பெறவேண்டும். 400 புள்ளி வேறுபாடாயின், 91 பங்கு பெறவேண்டும். ஆட்டம் முடிந்தபின், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிப் புள்ளியைக் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1800 புள்ளி உடையவரும் 1400 புள்ளி உடையவரும் ஆடுகிறார்கள். பெருக்கெண் இருவருக்கும் 20 என்று கொள்வோம். வலியவர் வென்றால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 புள்ளிதான். எளியவர் வென்றாலோ 18 புள்ளி பெறுவார். ஆட்டம் சமனில் முடிந்தால்கூட எளியவருக்கு 8 புள்ளி கூடும். வலியவருக்கு அதே 8 குறையும். ஃபிடே முறையில் புதியவர்களுக்குப் பெருக்கெண் 40. முப்பது ஆட்டங்களை முடித்தவர்களுக்குப் பொதுவாக 20. 2400-ஐ ஒருமுறை எட்டிவிட்டவர்களுக்கு 10. இளம் மரம் விரைந்து வளரும், முதிர்ந்த மரம் மெல்ல வளரும் என்பதுபோன்ற ஏற்பாடு இது.

எலோ தம் அளவுகோலைப் பற்றிப் பெருமிதம் கொண்டவரல்லர். அலைபாயும் நீரில் ஏறி இறங்கும் தக்கையை, காற்றில் ஆடும் கோலைக் கொண்டு அளப்பதற்கு அவர் அதை ஒப்பிட்டார். அளவுகோலைச் செய்தவருக்கு இருந்த இந்தத் தாழ்ச்சி, அதைப் பயன்படுத்தும் நமக்கு இல்லாமற் போனது எதனால்?

மகுடமும் ஆறு புள்ளியும்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷ், சீனத்து டிங் லிரெனை 7.5 - 6.5 என்ற கணக்கில் வென்று, தம் பதினெட்டாம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். தமிழகமே மகிழ்ந்தது, அவர் கண்ணீரைக் கண்டு நாமும் கண்ணீர் விட்டோம். ஆனால் அடுத்த மாதம் வெளிவந்த பட்டியலில் அவர் எண் 2783-இலிருந்து 2777-ஆகக் குறைந்திருந்தது! உலகை வென்ற ஆட்டத்தில் ஆறு புள்ளிகளை இழந்தார்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். டிங்கின் எண் அப்போது 2728. இடைவெளி 55 புள்ளி. அவ்வளவு இடைவெளியுள்ள வீரர் 14 ஆட்டங்களில் ஏறத்தாழ 8.1 பெறவேண்டுமென்பது எதிர்பார்ப்பு. குகேஷ் பெற்றது 7.5. குறைந்தது 0.6, பெருக்கெண் 10, ஆகவே இழப்பு 6. கணக்கில் பிழையில்லை. எண் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆயினும் அந்த இரவில் நடந்தது என்ன என்று அந்த எண்ணைக் கேட்டால், "ஆறு குறைந்தது" என்று மட்டுமே அது சொல்லும். இறுதி ஆட்டத்தில் எதிராளியின் ஒரு தவறுக்காகப் பல மணி நேரம் பொறுமையோடு காத்திருந்த இளைஞனின் நெஞ்சுரத்தை அது அறியாது. பொய் சொல்லாத ஒன்று முழு உண்மையையும் சொல்லிவிடும் என்பதில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2024 மார்ச் முதல் நாளில் ஃபிடே தன் பட்டியலைச் சீரமைத்தது. 2000-க்குக் கீழே இருந்தவர்களின் எண்கள் ஒரே இரவில் உயர்ந்தன. 1000 உடையவர் 1400 ஆனார். 1500 உடையவர் 1700 ஆனார். அன்று காலை கண்விழித்த பிள்ளைகள் எவரும் முந்தைய இரவைவிட ஒரு நகர்த்தல்கூட அதிகமாகக் கற்றிருக்கவில்லை. அளவுகோலின் கோடுகள் இடம் மாறின, அவ்வளவே.

எண் செய்யும் நன்மை

அப்படியானால் எண்ணே வேண்டாமென்று வீசிவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. எண் இல்லாத இடத்தில் எது ஆட்சி செய்யும் என்று நமக்குத் தெரியாதா? சாதி, சிபாரிசு, முகத்தாட்சண்யம் ஆகியவைதாமே? இன்னாரின் மகன் என்பதற்காகத் தரப்புள்ளி ஒன்றுகூடக் கூடாது. 2022-இல் டிங் லிரென் உலகச் சாம்பியனுக்கு அறைகூவல் விடுப்போரைத் தேர்ந்தெடுக்கும் போட்டிக்குத் தகுதிபெற வழியின்றி இருந்தார்; பெருந்தொற்று அவரை ஆடவிடாமல் வைத்திருந்தது. ஓரிடம் காலியானபோது, ஏறத்தாழ ஒரு மாதத்தில் 28 ஆட்டங்கள் ஆடித் தேவையான எண்ணிக்கையை நிறைவு செய்து, தம் தரப்புள்ளியால் உள்ளே நுழைந்தார். மறு ஆண்டே உலகச் சாம்பியனும் ஆனார். எண் அவருக்குக் கதவைத் திறந்தது.

குடிகாட்டுக்காரர்களுக்கு இந்த உண்மையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைகளிலிருந்து வரும் நாற்றத்தைப் பற்றி இப்பகுதி மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தார்கள். மூக்கு சொல்வதை ஆவணமாக யாரும் ஏற்கவில்லை. 2004-ஆம் ஆண்டில் இவ்வட்டாரச் சிற்றூர் மக்கள், வாளிக்குள் பையை வைத்துக் காற்றின் மாதிரியைத் தாமே எடுக்கப் பயின்றார்கள். அம்மாதிரிகள் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றன. காற்றில் கலந்துள்ள வேதிப்பொருள்களின் பெயரும் அளவும் தாளில் பதிவாகின. நாற்றம் எண்ணாக மாறிய பிறகுதான், அதிகாரத்தின் காதுகள் சற்றேனும் திறந்தன. எளியவனின் கையில் எண் ஒரு கருவி. ஆகவே எண்ணைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது எதை அளக்கிறது, யாருக்காக அளக்கிறது என்று கேட்பதே நம் நோக்கம்.

எண் செய்யும் தீமை

யாருக்காக என்ற கேள்வி இன்று மிகவும் தேவைப்படுகிறது. எலோவின் முறை சதுரங்கத்தைத் தாண்டி எங்கெங்கோ பரவிவிட்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018 முதல் ஆடவர் அணிகளை ஏறத்தாழ இம்முறையிலேயே தரப்படுத்துகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்கென, குழுவாக ஆடுவோரையும் தனித்தனியே கணிக்கவல்ல 'ட்ரூஸ்கில்' என்னும் முறையை உருவாக்கியது. நம் இளைஞர்கள் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளிலோ வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை 'பருவம்' முடிந்ததென்று சொல்லி, ஏறியவர்களைப் பல படிகள் கீழே இறக்கிவிடுகிறார்கள். இறங்கியவன் மீண்டும் ஏற வருவான் அல்லவா? திறமையை அறிவதற்காகப் பேராசிரியர் செய்த அளவுகோலுக்கும், பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப இழுப்பதற்காக வணிகர் செய்யும் ஏணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் உணரவேண்டும்.

இம்முறைகள் எதிராளியைத் தேடித் தரும் விதத்திலும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. உனக்குச் சமமானவனையே முறை உன் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது தன் பணியைச் செம்மையாகச் செய்தால், நீ ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்பாய். முயன்று பயின்று மேலே ஏறினாலும், அங்கேயும் உனக்குச் சமமானவன் காத்திருப்பான்; அங்கேயும் பாதி தோல்வி. எவ்வளவு ஏறினாலும் தோல்வியின் பங்கு குறைவதில்லை. உச்சியில் நிற்கும் ஒரு சிலரைத் தவிர, எல்லாருக்கும் இதுவே விதி. தோல்வியில்லாத இடத்தை எண்ணின் ஏணியில் தேடுபவன், கானல் நீரை நோக்கி நடப்பவன்.

இந்த உண்மையை ஏற்க மறுப்பவர்கள் இருவகைக் குற்றங்களில் வீழ்கிறார்கள். சிலர் குறைந்த தரத்தினருக்கான பரிசுப் போட்டிகளில் நுழைவதற்காக வேண்டுமென்றே தோற்றுத் தம் எண்ணைத் தாழ்த்துகிறார்கள்; இணையத்தில் போலிக் கணக்குத் தொடங்கித் தம்மினும் எளியவரை வதைக்கிறார்கள். இது வெளிப்படையான வஞ்சகம். வேறு சிலரோ எண் தாழ்ந்துவிடுமென்று அஞ்சி ஆடாமலே இருந்துவிடுகிறார்கள். இதை யாரும் குற்றமென்று சொல்வதில்லை. முன்னெச்சரிக்கை என்றே இதற்குப் பெயர். ஆனால் உள்ளே குடிகொண்டிருக்கும் நோய் இரண்டிற்கும் ஒன்றே: ஆட்டத்தைவிட எண் பெரியதாகிவிட்டது.

நம் வாழ்விலும் இதுவே நடக்கவில்லையா? பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் மாநில முதல்வர், இரண்டாமவர் என்று நாளிதழ்கள் படம் போட்டுக் கொண்டாடிய காலம் ஒன்றிருந்தது. அப்படத்தில் இடம்பெறாத பிள்ளைகளின் வீடுகளில் அன்று அடுப்பெரியாத கதைகளும் உண்டு. 2017-இல் தமிழக அரசு அவ்வாறு தரவரிசை அறிவிப்பதைக் கைவிட்டது. அரசு கைவிட்டதை நாம் கைவிட்டோமா? "உன் மகன் எவ்வளவு?" என்றுதானே இன்றும் கேட்கிறோம்! 'எவ்வளவு' என்ற சொல்லைப் பொருளுக்குக் கேட்கலாம், பிள்ளைக்குக் கேட்கலாமா?

புதைத்தவனின் கதை

'தாலந்து' என்ற சொல் பழங்காலத்தில் ஒரு நிறையளவு. வெள்ளியையும் பொன்னையும் நிறுக்கும் அளவு. இன்று மேலைமொழிகளில் அதிலிருந்து பிறந்த சொல் திறமையைக் குறிக்கிறது. அப்படிப் பொருள் மாறியதற்கு மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் உவமையே காரணம். அதை நாம் நன்கறிவோம். ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். இருவருக்கும் தலைவர் சொன்ன பாராட்டில் ஓர் எழுத்துக்கூட வேறுபாடில்லை. பத்தையும் நான்கையும் அவர் ஒப்பிடவே இல்லை. ஒவ்வொருவனையும் அவன் பெற்றதோடு மட்டுமே ஒப்பிட்டார். எளியவனின் சமனுக்கு எட்டுப் புள்ளி தரும் எலோவின் கணக்கிலும் இந்நியாயத்தின் சிறு சாயல் இருப்பதைக் காண்கிறேன். ஆனால் அங்கே ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதிலிருந்தே வருகிறது. உவமையிலோ முதலாமவன் ஈட்டிய ஐந்து இரண்டாமவனிடமிருந்து பறித்ததன்று.

மூன்றாமவன் என்ன செய்தான்? அவன் திருடவில்லை, சூதாடவில்லை, ஊதாரித்தனமாய்ச் செலவழிக்கவுமில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே காத்தான். ஏன் புதைத்தாய் என்ற கேள்விக்கு அவன் தந்த விடை, அச்சம் என்பதுதான். இத்தனை ஆண்டுகளாக அவனைச் சோம்பேறி என்றே மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். குடிகாட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான், அவன் அஞ்சியவன் என்பது எனக்கு முதன்முதலாய் உறைத்தது. 1803 என்ற எண்ணைக் கைப்பேசிக்குள் புதைத்து வைத்திருந்த சிறுவனும் சோம்பேறி அல்லன்.

கேள்விக்குறி

அவனுக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை. அவன் ஆடும் தளத்தைக் காட்டும்படி கேட்டேன். லிச்செஸ் என்னும் இலவசத் தளம் அது. சிலருடைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. "இது என்னப்பா?" என்றேன்.

"அவர்கள் எண் உறுதியில்லை தாத்தா. புதிதாக வந்தவர்களாக இருப்பார்கள். இல்லையென்றால் ரொம்ப நாளாக ஆடாதவர்கள்."

அவன் சொன்னது சரியே. மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1995-இல் எலோவின் முறையைச் செப்பம் செய்தபோது, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போதாது, இரண்டு வேண்டும் என்றார். ஒன்று திறமையின் மதிப்பீடு. மற்றொன்று அம்மதிப்பீட்டின்மீது எவ்வளவு ஐயம் கொள்ளலாம் என்பது. ஆட ஆட ஐயம் குறையும். ஆடாதிருந்தால் மதிப்பீடு அப்படியே நிற்கும். ஐயமோ நாளுக்கு நாள் வளரும். வளர்ந்த ஐயத்தின் அடையாளம்தான் அந்தக் கேள்விக்குறி.

"அப்படியானால், நீ ஆடாமல் காத்து வைத்தால் 1803-க்குப் பக்கத்திலும் அது வருமா?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் தந்தை உறக்கத்தில் புரண்டு படுக்கும் ஓசை கேட்டது. இரவெல்லாம் நின்று உழைத்துவிட்டு வந்து கிடக்கும் அந்த மனிதருக்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை. எவரும் அவரை அளந்ததில்லை. ஆயினும் நாள்தோறும் அவர் தம்மிடம் உள்ளதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறார். மகனும் அந்த ஓசையைக் கேட்டிருப்பான். அவன் என்ன நினைத்தான் என்பதை நான் கேட்கவில்லை.

பயன்படுத்தாமல் காக்கப்படும் திறமை, திறமையாக இருப்பதில்லை. திறமையைப் பற்றிய பழைய செய்தியாக மட்டுமே இருக்கிறது. மன்னிப்பைக் கேட்டால் மதிப்புக் குறையுமென்று வாய்மூடி இருப்பவரும், தோற்றுவிடுவோமென்று அநீதியை எதிர்த்துக் குரல் கொடுக்காதவரும், நல்ல பெயர் கெடுமென்று நற்செயலில் இறங்காதவரும் தம் எண்ணைக் காத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன் அருகே ஒரு கேள்விக்குறி மெல்ல முளைத்துக்கொண்டிருப்பதை அவர்கள் அறிவதில்லை.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து ஒரு மாலை தொலைபேசி ஒலித்தது. "தாத்தா, 1741-க்கு இறங்கிவிட்டது" என்றான் பேரன். குரலில் துயரம் இல்லை. "ஆனால் நேற்று ஒருவர் என்னோடு ஆடினார் பாருங்கள், தம் யானையை வலிய வந்து கொடுத்துவிட்டு, ஏழாவது நகர்த்தலில் என்னை மடக்கிவிட்டார். அப்படியும் ஆடலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது!" என்று அந்த ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். தோற்ற ஆட்டத்தை அவ்வளவு மகிழ்ச்சியோடு ஒருவர் சொல்ல நான் கேட்டு நெடுநாளாயிற்று.

அறுபத்திரண்டு புள்ளிகளை இழந்த அந்தச் சிறுவன் எதைப் பெற்றான் என்று எந்தப் பட்டியல் நமக்குச் சொல்லும்? நாம் புதைத்து வைத்திருப்பதைத் தோண்டி எடுக்க, நம்மிடம் யார் வந்து கேள்வி கேட்பார்கள்?